பளிங்காக நடிக்கும் மர மேசை: சாயம் வெளுக்கும் இடங்கள்

நான் முதன்முதலில் பளிங்கு போலத் தீட்டிய மேசையில் ஒரு நாளிதழின் தங்கம் விலை நிலவரம் இன்றும் இடவலம் மாறிப் பதிந்திருக்கிறது. வார்னிஷ் அடித்த மறுநாள் விரலால் தொட்டுப் பார்த்தேன்; ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று நம்பி, நாளிதழை விரித்து அதன் மேல் சூடான காபி டம்ளரை வைத்தேன். தாளை இழுத்தபோது விலை மட்டும் மேசையிலேயே தங்கிவிட்டது.

இந்த வேலையில் படம் வரையத் தெரியாததால் கெடுபவர்கள் குறைவு. டப்பாவைத் திறப்பதற்கு முன்பும் பிரஷைக் கழுவிய பின்பும் செய்கிற அவசரத்தால் கெடுபவர்களே அதிகம். நடுவில் பளிங்கு ரேகையிலும் சறுக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

மேசை மேல் ஏற்கெனவே என்ன பூச்சு இருக்கிறது என்று பார்க்காமலே தொடங்குவது பலரும் செய்யும் தவறு. கண்ணில் படாத ஓர் ஓரத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்துக் கரைந்தால் அது அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் லாக்கர் (lacquer) என்ற பூச்சு. தின்னர் பட்டதும் தோல்போலச் சுருங்கி எழும்பினால் பெரும்பாலும் எனாமல். மெழுகு பாலிஷ் போட்டுத் துடைத்து வந்த மேசையாக இருந்தால் முதலில் டர்பன்டைன் தொட்ட துணியால் மெழுகை எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பெயின்ட் ஆங்காங்கே ஒதுங்கி அம்மைத் தழும்புபோல நிற்கும்.

அடுத்தது உப்புத்தாள். பழைய பூச்சு முழுவதையும் சுரண்டி மரத்தைக் காட்ட வேண்டியதில்லை. அது உறுதியாக ஒட்டியிருந்தால் 120 எண் தாளால் பளபளப்பைக் கொன்று, 220-ஆல் மழமழப்பாக்கினால் போதும். மர இழை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே விழுந்த கீறலை அதன் மேல் வரும் ஒவ்வொரு பூச்சும் காட்டிக்கொடுக்கும். மிகப் பழைய எனாமல் என்றால் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சின் தூசி, குழந்தைகள் உள்ள வீட்டில் விளையாட்டல்ல. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளும் முகக்கவசமும் அவசியம்.

பள்ளங்களைச் சுவருக்கு வாங்கிய பட்டியால் அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சிமென்ட் கலந்த பட்டி அசையாது. மரமோ மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். ஒரு பருவம் மாறினால் பட்டி தனியாகக் கழன்று வரும். மரத்துக்கென்று விற்கும் பட்டியை வாங்குங்கள்.

தேக்கு, வேங்கை மேசைகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இந்த மரங்களிலுள்ள சாயப்பொருள், தண்ணீர் கலந்த வெள்ளை பெயின்டின் ஈரத்தில் கரைந்து மேலே வந்து, காய்ந்தபின் தேநீர்க் கறைபோல நிற்கும். மேலும் மேலும் வெள்ளை அடித்தாலும் கறையும் கூடவே ஏறி வரும். பிரைமருக்கு (பெயின்டுக்கு முன் அடிக்கும் முதல் பூச்சு) முன் மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு கோட் அடித்தால் அந்தச் சாயம் அடைபட்டுவிடும். (ஈட்டி மரத்தில் செய்த பழைய மேசை என்றால் பளிங்கு ஆசையையே விட்டுவிடுங்கள். அந்த மரத்தை மறைக்க எனக்கு மனம் வராது.)

இனி ரேகை. சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறி உருவானதே பளிங்கு. அதில் சிக்கியிருந்த களிமண், இரும்பு, கரி ஆகியவையே ரேகைகளாகத் தெரிகின்றன. அதாவது ரேகை கல்லின் மேல் கிடக்கும் கோடல்ல, கல்லை ஊடுருவிச் செல்லும் படலம். இதை மறந்தால்தான் குட்டு உடைகிறது. மேற்பலகையின் விளிம்போடு ரேகை நின்றுபோனால் அது வரைந்தது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். விளிம்பில் இறங்கிப் பக்கவாட்டிலும் தொடர வேண்டும்.

அடுத்த பிழை, எல்லா ரேகைகளையும் ஒரே தடிமனில், ஒரே இடைவெளியில், கருகருவென்று போடுவது. அது பளிங்காக இராது. வானிலை வரைபடமாக இருக்கும். பெரும்பாலான வெள்ளைப் பளிங்கில் ரேகைகள் ஏறக்குறைய ஒரே சாய்வில் ஓடும். சில தடித்துப் பிறகு இழையாகிக் காணாமல் போகும். சில பாதியில் மங்கி வேறோரிடத்தில் தலைகாட்டும். பெருக்கல் குறிபோல இரண்டு ரேகைகள் வெட்டிக்கொள்ளும் இடம் தென்பட்டால் உடனே துடைத்துவிடுங்கள். நிறத்திலும் அப்படியே: டப்பாவிலிருந்து நேராக வரும் கறுப்பு வேண்டாம். வெள்ளையில் கொஞ்சம் கறுப்பும் ஒரு துளி மண்பழுப்பும் சேர்ந்த சாம்பலே கல்லின் நிறம்.

ரேகைக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பூச்சு சற்று மினுமினுப்பாக இருக்கட்டும். மினுப்பில்லாத மேட் பூச்சு, ரேகைக்கான சாம்பல் நிற பெயின்டைத் தொட்டவுடன் குடித்துவிடும். கலைக்க நேரம் கிடைக்காது. மெல்லிய பிரஷையோ கோழி இறகையோ நுனியில் பிடித்து, விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே இழுங்கள். பேனா பிடிப்பதுபோலப் பிடித்தால் கையெழுத்துதான் வரும். இழுத்த கோடு ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த மென்பிரஷால் ஒரு பக்கம் மட்டும் தடவிக் கலையுங்கள். ஒரு பக்கம் தெளிவு, மறு பக்கம் புகை என்றானால் கல்லுக்குள் ஆழம் தெரியும்.

இவை எதையும் நினைவிலிருந்து செய்யாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தாமஸ் கெர்ஷா என்ற பெயின்டர், மரத்தையும் பளிங்கையும் பெயின்டால் போலி செய்து 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் பதக்கம் வாங்கினார். அவர் தீட்டிய பலகைகள் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் ஒவ்வொன்றும் இன்ன வகைக் கல் என்று பெயர் சொல்லலாம். நமக்கு அவ்வளவு வேண்டாம். டைல்ஸ் கடையில் ஒரு துண்டு மக்ரானா கல் (ராஜஸ்தானின் வெள்ளைப் பளிங்கு) கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

கடைந்த கால்களுக்கும் பளிங்கு தீட்டுவது ஆசையின் உச்சம். அவ்வளவு ஒல்லியான கல் கால் எந்த மேசையையும் தாங்காது. கண் அதை உடனே கண்டுபிடித்துவிடும். கால்களுக்கு ஒற்றை நிறம் போதும்.

பழங்கால வெடிப்பு விழுந்த தோற்றம் வேண்டுமென்றால், ஆசாரிகள் பயன்படுத்திய வச்சிரப் பசையை (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுப்பது) இரண்டு நிறங்களுக்கு நடுவே பூசுவது பழைய வழி. மேல் நிறத்தை ஒரே இழுப்பில் அடித்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். சரியாக விழவில்லையே என்று அதே இடத்தில் மறுபடி பிரஷ் போட்டால் வெடிப்புக்குப் பதில் சேறுதான் மிஞ்சும்.

கடைசியாக வார்னிஷ். எண்ணெய் கலந்த வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகும். வெள்ளைப் பளிங்குக்கு அது ஆகாது. தண்ணீர் கலந்த பாலியூரித்தேன் வார்னிஷ் தெளிவாகவே நிற்கும். ஐப்பசி அடைமழையில் லாக்கரோ அரக்கோ அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் பூச்சில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வரும். உள்ளே இறுகுவதற்கு மூன்று நான்கு வாரங்கள் ஆகலாம். அதுவரை நாளிதழும் டம்ளரும் வேறோர் இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் தொட்ட துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் சூடு தேங்கித் தானே தீப்பற்றிக்கொள்ளும். வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போட்ட பிறகு தூக்கி எறியுங்கள்.