ஆன்டிபயாடிக்: டெல்லி வீடுகளில் நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

தீபாவளி முடிந்து புகைமூட்டம் இறங்கியதும் மயூர் விஹார் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது இருமுவார். கெமிஸ்ட் கடையில் போய் நின்றால் போதும், அஸித்ரோமைசின் 500 என்ற ஆன்டிபயாடிக், மூன்று மாத்திரை அட்டை கைக்கு வந்துவிடும். சீட்டு கேட்க மாட்டார்கள், நாமும் நீட்ட மாட்டோம். புகையால் வரும் இருமலுக்கும் வைரஸால் வரும் சளிக்கும் அந்த மாத்திரையால் எந்தப் பயனும் இல்லை. பெரும்பாலும் தானாகவே அடங்கும், பெயர் மட்டும் மாத்திரைக்குப் போகும்.

பயனில்லாவிட்டால் போகட்டும், கெடுதல் என்ன என்று கேட்கலாம். மாத்திரை தொண்டையோடு நிற்பதில்லை. குடலில் சாதுவாக வாழும் பாக்டீரியாக்களையும் அது தாக்கும். சாகிறவை செத்துப்போக, தாக்குப்பிடித்தவை காலியான இடத்தில் பெருகும். வசதி கிடைத்தால் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். அதைவிட மோசம், எதிர்ப்புக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் இருக்கும், ஒரு பாக்டீரியா அதை வேறு இனத்துக்குக்கூடக் கைமாற்றிவிடும். சில மாதம் கழித்து அதே குடல் கிருமி சிறுநீர்ப்பாதைக்குப் போய், எரிச்சல் என்று டாக்டரிடம் போகும்போதுதான், அவர் எழுதும் முதல் மருந்து வேலை செய்யாதது தெரியவரும்.

"எனக்கு ஆன்டிபயாடிக் பழகிப்போச்சு" என்று பலர் சொல்வார்கள். பழகியது உடம்பு அல்ல, கிருமி. அது நம்மோடு நிற்காது. கை, கழிவறை, சாக்கடை வழியாக மாத்திரையே தொடாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் போகும். 'நியூ டெல்லி' என்பதையே பெயரில் சுருக்கி வைத்திருக்கும் என்.டி.எம்.-1 என்ற பாக்டீரியா நொதியின் கதை இதுதான். 2008-இல் டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பியவரிடம் முதலில் கண்ட இந்த நொதி, கடைசிக் கட்டத்துக்கென்று வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளையே உடைத்துவிடும். 2010-இல் இதன் பரவலைச் சொன்ன ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னையைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில் டெல்லியின் 50 குழாய்நீர் மாதிரிகளில் 2-லும், தெருவில் தேங்கிய 171 நீர் மாதிரிகளில் 51-லும் அந்த நொதியை உருவாக்கும் மரபணு இருந்தது. ஊர்ப் பெயரை வைத்துவிட்டார்களே என்றுதான் இங்கே அதிகம் கோபப்பட்டோம். தண்ணீரைப் பற்றி அவ்வளவு சத்தம் எழவில்லை.

அதனால் மாத்திரையைக் குறைத்தால் மட்டும் போதும் என்று நினைப்பதும் தவறுதான். குடிநீரைக் கொதிக்கவைப்பது, கையை சோப்புப் போட்டுக் கழுவுவது, டைபாய்டு தடுப்பூசி எல்லாம் இதே கணக்கில் சேரும். நோயே வராவிட்டால் மருந்துக்கு என்ன வேலை?

டைபாய்டு விஷயத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. காய்ச்சல் என்றதும் லேபில் விடால் டெஸ்ட் எடுத்து, பாசிட்டிவ் என்ற ஒரே தாளை நம்பி மாத்திரை தொடங்கிவிடுகிறோம். பழைய தொற்றாலோ வேறு காய்ச்சலாலோகூட விடால் பாசிட்டிவ் காட்டும். நம்பகமானது பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை. ஆனால் முதல் டோஸ் உள்ளே போகும் முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். பிறகு எடுத்தால் கிருமி பிடிபடாமல் போகலாம். எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பதும் அதில் தெரியும். ஒரு காலத்தில் டைபாய்டுக்குக் கைகொடுத்த சிப்ரோஃபிளாக்சசின் இப்போது இங்கே பெரும்பாலும் கேட்பதில்லை.

அப்புறம், ஊரிலிருந்து பருப்புப்பொடி டப்பாவோடு அம்மா கட்டிக்கொடுக்கும் பழைய அட்டைகள். போன முறை மிச்சமான நாலு மாத்திரை இந்த முறை நோய்க்குப் பொருந்தாமல் போகலாம், டோஸும் பத்தாது. எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும். பல தொற்றுகளுக்கு முன்பைவிடக் குறைந்த நாளே போதும் என்றாகிவிட்டது. காய்ச்சல் விட்டதே என்று நாமாக நிறுத்துவதும், எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாக இரண்டு நாள் போடுவதும் வேண்டாம்.

அட்டையின் பின்பக்கம் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டில்லாமல் வாங்கக்கூடாத மருந்து. செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாடிக்குகள் 2014 மார்ச் முதல் எச்1 என்ற அரசுக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. வாங்கியவர் பெயரையும் எழுதிய டாக்டர் பெயரையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். கடையில் சீட்டை யாரும் கேட்கவில்லை என்றால், கடையை மாற்றுங்கள்.