விமானத்தைத் துரத்தாதீர்கள்: புது கோச் சண்டையில் ரசிகர்கள் சறுக்கும் இடங்கள்

நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கம் வந்தால் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்களில் ஒரு கூட்டத்துக்கு ஆட்டம் இரண்டாம்பட்சம். அவர்கள் கண் விமானத்தின்மேல். பழைய கோச்சை அனுப்பியாகிவிட்டது, புதியவர் யார் என்று தெரியவில்லை. உடனே, பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய பணக்காரர் ஒருவரின் சொந்த விமானம் எந்த ஊரில் இறங்குகிறது என்று செயலியில் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அந்த ஊரில் எந்தக் கோச் இருக்கிறாரோ அவர்தான் அடுத்த ஹெட் கோச்! (முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஃபுட்பாலைச் சொல்கிறேன். நம்மூர்க் கால்பந்து வேறு.) ஒரு டிசம்பரில் நானும் இரவு இரண்டு மணிவரை இப்படி ஒரு விமானத்தின் பின்னால் போனேன். யாரோ ஒருவர் குடும்பத்தோடு பனிச்சறுக்குக்குப் போய்க்கொண்டிருந்தார் என்று காலையில் தெரிந்தது.

வதந்திக் காலத்தில் இதைவிடப் பெரிய சறுக்கல், கோச் சொல்கிற மறுப்பை நம்புவது. 2006 டிசம்பர் 21 அன்று, மயாமி டால்ஃபின்ஸ் என்ற தொழில்முறை அணியின் கோச்சாக இருந்த நிக் சேபன், “நான் அலபாமா கோச் ஆகப்போவதில்லை” என்று நிருபர்களிடம் அடித்துச் சொன்னார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டார். மயாமியில் கொதித்தார்கள். ஆனால் அவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? சீசனில் இன்னும் ஆட்டம் பாக்கி. ‘யோசித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆட்டக்காரர்கள் மனதளவில் கலைந்துபோயிருப்பார்கள்.

அதே டிசம்பரில்தான், சேபன் வருவதற்குச் சில வாரம் முன்னால், வெஸ்ட் வர்ஜீனியாவின் கோச் ரிச் ராட்ரிகெஸ் அலபாமாவை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அலபாமா ரசிகர்களுக்கு அது பெரிய அவமானம். நமக்கு யாரும் வரமாட்டார்கள், இரண்டாவது ஆளைத்தான் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்ற புலம்பல். அப்புறம் நடந்ததைப் பாருங்கள். ராட்ரிகெஸ் ஒரு வருடம் கழித்து மிச்சிகனுக்குப் போனார். முதல் சீசன் 3 வெற்றி, 9 தோல்வி. மூன்று வருடத்தில் 15-22 (வெற்றி-தோல்வி). வேலை போயிற்று. சேபன் அலபாமாவுக்கு ஆறு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ‘முதலில் கேட்டவர் மறுத்துவிட்டார்’ என்பதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். அந்த சேபனே 2007-இல், தன் முதல் சீசனில், லூயிசியானா-மன்ரோ என்ற சின்ன அணியிடம் சொந்த மைதானத்தில் 21-14 என்று தோற்றார். அன்று இரவே தீர்ப்பு எழுதிவிட்டவர்கள் கதி என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய வெற்றி தோல்விக் கணக்கை அப்படியே தூக்கி வைத்து வாதாடுவதும் ஆபத்துதான். ஐயோவா ஸ்டேட்டில் இரண்டு வருடத்தில் 5-19 என்று இருந்த ஜீன் சிஸிக்கை 2008 டிசம்பரில் ஆபர்ன் பல்கலைக்கழகம் எடுத்தது. விமான நிலையத்துக்கே போய், பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் தலைவரான அத்லெட்டிக் டைரக்டரைப் பார்த்துக் கத்தினார் ஒரு ரசிகர். 2010-இல் ஆபர்ன் 14-0, தேசியப் பட்டம். கத்தியவர் முட்டாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். 2012-இல் ஆபர்ன் 3-9, சிஸிக்கை அனுப்பிவிட்டார்கள். இப்போது யார் முட்டாள்? 2010-இல் அணியின் குவாட்டர்பேக், அதாவது களத்தில் தாக்குதலை முன்னின்று நடத்துகிறவர், கேம் நியூட்டன். தாக்குதல் ஆட்டத்தை வகுத்தவர் கஸ் மல்ஸான். அந்த இரண்டு பெயரையும் விட்டுவிட்டு சிஸிக் நல்லவரா மோசமானவரா என்று பேசுவதில் பிரயோஜனம் இல்லை. ஹெட் கோச் தனி ஆளாக வருவதில்லை. கூட யாரைக் கூட்டி வருகிறார், அவர்களில் யாரை அடுத்த வருடமே இன்னொரு பல்கலைக்கழகம் கொத்திக்கொண்டு போகும் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

சரி, எனக்கு மிகவும் பிடித்த தவறுக்கு வருகிறேன். ‘நம்ம ஊர்ப் பையன்’ மயக்கம்.

நெப்ராஸ்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-இல் ஒன்பது ஆட்டம் ஜெயித்த ஃப்ராங்க் சோலிச்சை அனுப்பினார்கள். 2014-இலும் ஒன்பது ஜெயித்த போ பெலினியை அனுப்பினார்கள். ஒன்பது போதாது என்ற பிடிவாதம். (இதைக் காட்டி, ஒன்பது ஜெயிக்கிறவரை நீக்கவே கூடாது என்று வாதாடினால் எதிரில் ஜார்ஜியா நிற்கும். 2015-இல் ஒன்பது ஜெயித்த மார்க் ரிக்ட்டை அனுப்பிவிட்டு கர்பி ஸ்மார்ட்டைக் கொண்டுவந்து, 2021, 2022 இரண்டு சீசனிலும் பட்டம் வாங்கியது.) 2017 டிசம்பரில் நெப்ராஸ்காவுக்கு ஸ்காட் ஃப்ராஸ்ட் கிடைத்தார். அந்த மாநிலத்திலேயே உட் ரிவர் என்ற சிற்றூரில் வளர்ந்தவர், 1997-இல் நெப்ராஸ்கா தேசியப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டபோது குவாட்டர்பேக். சென்ட்ரல் ஃப்ளோரிடா அணியைத் தோல்வியே இல்லாத சீசனுக்குக் கொண்டுபோன கையோடு வந்தார். இதைவிடப் பொருத்தமான ஆள் உண்டா? விவரம் தெரிந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன்.

2021-இல் நெப்ராஸ்கா 3-9. தோற்ற ஒன்பதும் பத்துப் புள்ளிக்குக் குறைவான வித்தியாசத்தில். எட்டுப் புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களில் அவர் கணக்கு மொத்தம் 5-22. ‘நூலிழையில் தோற்கிறோம், அதிர்ஷ்டம் திரும்பும்’ என்று ரசிகர்கள் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டார்கள். ஐந்து ஆட்டம் அப்படிப் போனால் அதிர்ஷ்டம் எனலாம். இருபத்திரண்டு போனால்? 2022 ஆகஸ்டில் டப்ளினில் நார்த்வெஸ்டர்னோடு ஆட்டம், நெப்ராஸ்கா 28-17 என்று முன்னிலை. அந்த நேரத்தில் ஃப்ராஸ்ட் ஆன்சைட் கிக் அடிக்கச் சொன்னார். பந்தைக் குட்டையாக உதைத்துவிட்டு நாமே போய்ப் பிடிக்கப் பார்ப்பது அது. தோற்றுக்கொண்டிருப்பவர்கள் வேறு வழியில்லாமல் செய்வது. பந்து நார்த்வெஸ்டர்ன் கையில் விழுந்தது, ஆட்டம் 31-28 என்று போயிற்று. ஊர்ப் பாசம் இல்லாத ஒருவரை அன்று இரவே திட்டித் தீர்த்திருப்பார்கள். இவருக்காகச் சமாதானம் தேடினார்கள்.

இரண்டு வாரம் கழித்து, ஜார்ஜியா சதர்னிடம் 45-42 என்று தோற்ற மறுநாள், செப்டம்பர் 11 அன்று வேலை போயிற்று. இங்கேதான் ரசிகர்கள் படிக்காமல் தாண்டிப்போகிற காகிதம் வருகிறது. ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால் கோச்சுக்குக் கொடுக்க வேண்டிய பைஅவுட் தொகை அன்று 1.5 கோடி டாலர். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அது பாதியாகியிருக்கும். மூன்று வாரம் காத்திருக்க மனமில்லாமல் 75 லட்சம் டாலரைக் கூடுதலாக எடுத்து வைத்தார்கள்.

கோச் வரும் நாளில் எல்லோரும் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். போகும் நாளில் என்ன தர வேண்டியிருக்கும் என்று கேட்பவர் குறைவு. டெக்சஸ் ஏ அண்ட் எம் 2017-இல் ஜிம்போ ஃபிஷருக்குப் பத்து வருடம், 7.5 கோடி டாலர், முழு உத்தரவாதம் என்று எழுதிக் கொடுத்தது. ரசிகர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. 2021-இல் ஒப்பந்தத்தை இன்னும் நீட்டினார்கள். 2023 நவம்பரில் அனுப்பியபோது பைஅவுட் சுமார் 7.6 கோடி. முதலில் பேசிய மொத்தத் தொகையைவிட, வேலை செய்யாமல் இருப்பதற்கான தொகை அதிகம்!

ரசிகர்கள் எதிர்த்தால் நடக்காதா என்று கேட்கலாம். 2017-இல் டென்னசியில் நடந்தது. கிட்டத்தட்ட முடிவாகியிருந்த ஒரு கோச்சை, வளாகத்துப் பாறையில் பெயின்ட் அடித்து, அரசியல்வாதிகள்வரை போய், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நிறுத்தினார்கள். அத்லெட்டிக் டைரக்டரின் நாற்காலியும் போயிற்று. அதன்பின் வந்த ஜெரமி ப்ரூயிட், ஆள் சேர்ப்பு விதிமீறல் விசாரணையில் 2021-இல் நீக்கப்பட்டார். எதிர்த்தது சரியா தவறா என்பது வேறு விவாதம். அடுத்து வருபவரை அந்தக் கூட்டத்தால் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது விதிகளே மாறிவிட்டன. பழைய அளவுகோலோடு வாதாடுகிறவர்கள் இதில்தான் அதிகம் அடிவாங்குகிறார்கள். 2021-இலிருந்து ஆட்டக்காரர் ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனால் ஒரு வருடம் உட்கார வேண்டியதில்லை. அதே வருடம் ஜூலையிலிருந்து தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்றும் ஆயிற்று. 2025-இலிருந்து பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தரலாம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர்வரை. ‘அணியைக் கட்ட நாலு வருடம் ஆகும்’ என்ற பழைய சமாதானம் இனிச் செல்லாது.

இந்தியானாவைப் பாருங்கள். 2023-இல் 3-9. ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து அறுபது வயது தாண்டிய கர்ட் சிக்னெட்டியை எடுத்தார்கள். சின்ன இடத்துக் கோச், வயதானவர் என்ற பேச்சு. எப்படி ஆள் சேர்ப்பீர்கள் என்று கேட்டதற்கு அவர், “நான் ஜெயிக்கிறவன். கூகுளில் தேடிப் பாருங்கள்” என்றார். பழைய அணியிலிருந்து பதின்மூன்று பேரைக் கூடவே கூட்டி வந்தார். 2024-இல் பதினொரு வெற்றி, 2025 சீசனில் தேசியப் பட்டம். அதே 2025-இல், ஹெட் கோச்சாக ஆறு சூப்பர் பவுல் (தொழில்முறை லீக்கின் பட்டம்) வாங்கிய பில் பெலிச்சிக் நார்த் கரோலினாவில் 4-8. இந்த இருவரில் யார் பெயரைக் கேட்டபோது அதிகம் துள்ளிக் குதித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

என் அலுவலக நண்பர் ஒருவர் இப்போதும் டிசம்பரில் விமானச் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார். போன முறை என்னிடம், “விமானம் கிளம்பிவிட்டது, யார் என்று நினைக்கிறாய்?” என்றார். பைஅவுட் எந்தத் தேதியில் குறைகிறது, ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டேன். “உன்னோடு பேசினால் குஷியே போய்விடுகிறது” என்று தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்.