பாண்டனால் வீடியோ பாத்துட்டு செய்யக் கூடாத தப்புங்க

"அமேசான் காட்டுல முதலையத் தூக்கிய சிறுத்தை"ன்னு ஒரு வீடியோ வாட்ஸப்ல சுத்திக்கிட்டே இருக்கும், பாத்திருப்பீங்க. அத அப்படியே ஃபார்வர்ட் பண்ணாதீங்க. பெரும்பாலும் அது அமேசானே கிடையாது, பிரேசில், பொலிவியா, பராகுவே மூணு நாட்டுலயும் பரந்து கிடக்கிற பாண்டனால் சதுப்பு நிலம். தூக்குறது ஜாகுவார், சிறுத்தை மாதிரியே தெரியுற வேற பெரிய பூனை. ஜூம் பண்ணிப் பாருங்க, உடம்புல இருக்கிற வட்டத்துக்குள்ள குட்டிப் புள்ளி தெரியும், சிறுத்தைக்கு அது இருக்காது. மாட்டினது யாக்கரே கெய்மன், அலிகேட்டர் குடும்பத்து முதலை.

அடுத்தது, மழை பெய்ஞ்சா உடனே வெள்ளம்னு நெனைக்கறது. அங்க தரை அவ்ளோ தட்டை, வடக்க டிசம்பர் ஜனவரியில கொட்டுற தண்ணி மெல்ல நகர்ந்து தெக்க போய்ச் சேர மாசக்கணக்குல ஆகும், அதனால தெக்குப் பக்கம் மழையே இல்லாத ஜூன் வாக்குல தான் தண்ணி உச்சத்துல நிக்கும். ஜாகுவார் பாக்கணும்னு போறவங்க ஜூலைல இருந்து அக்டோபருக்குள்ள போங்க, தண்ணி வத்தி மிருகமெல்லாம் ஆத்தங்கரைக்கு வந்துடும். சதுப்பு நிலம் தானே, தீப்பிடிக்காதுன்னும் நெனைக்காதீங்க, 2020ல நாலுல ஒரு பங்குக்கு மேல எரிஞ்சுது, மக்கிக் காஞ்சு கெடக்கிற இலை தழை வழியா தீ மண்ணுக்கு அடியிலயே ஊர்ந்து போகும்.

எனக்கு ரொம்ப எரிச்சல் வர்றது வில்லன் பட்டம் கட்டுற கமெண்ட்டு தான். ஹயசிந்த் மக்கான்னு பெரிய நீலக் கிளி, அதோட முட்டைய டோகோ டூக்கன்ங்கற பெரிய அலகுப் பறவை திருடித் தின்னும், உடனே "இத சுட்டுத் தள்ளுங்கய்யா"ன்னு கெளம்பிடுவாங்க. அந்தக் கிளி அங்க கூடு வைக்கிறது பெரும்பாலும் மண்டுவி மரப் பொந்துல, மரத்துக்கு 60 வயசாவது ஆனா தான் அதுக்கு ஏத்த பொந்து விழும், அந்த மரத்தோட விதையில பெரும்பங்கைக் கொண்டு போய்ப் பரப்பறதே இந்த டூக்கன் தான்! டூக்கன ஒழிச்சா இந்த வருசம் முட்டை தப்பும், பேரன் காலத்துல பொந்து இருக்காது.

அங்க மேயுற மாடும் இப்படித்தான், நல்லதும் செய்யும் கெட்டதும் செய்யும். அக்குரிங்கற ஒரு வகைப் பனையோட காய்ச் சதையத் தின்னுட்டு கொட்டைய மாடு சாணியில விட்டுடும், அந்த நீலக் கிளி இறங்கி வந்து அதப் பொறுக்கி ஒடச்சித் தின்னும், கல்லு மாதிரி ஓடு, ஆனா கிளியோட அலகுக்கு அது ஒரு பொருட்டே இல்ல. ஆனா அதே மாடு மண்டுவி கன்னு தலை தூக்கும்போதே மேஞ்சும் மிதிச்சும் அழிச்சிடும், வேலி போடலன்னா புது மரம் வர்றது கஷ்டம்.