623526: ராமேஸ்வரம் பின்கோடைப் பிரித்து மேய்வோம்

பெரிய எண் ஒன்றைக் கையில் கொடுத்தால் அதன் குணங்களைக் கால்குலேட்டர் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? ராமேஸ்வரத்துக்கு வரும் எந்தக் கடிதத்திலும் இருக்கிற 623526-ஐயே எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று இலக்கங்களும் ராமநாதபுரம் பக்கத்தைக் குறிப்பவை என்பதெல்லாம் தபால்காரர் கவலை. நமக்கு இது ஆறு லட்சத்துச் சொச்சம், அவ்வளவுதான்.

படி 1: சின்ன எண்களால் வகுங்கள்
கடைசி இலக்கம் 6, எனவே 2-ஆல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 24, அதனால் 3-ஆலும் வகுபடும், 9-ஆல் வகுபடாது. 2, 3 இரண்டாலும் வகுத்தபின் மிஞ்சுவது 103921. இதில் 5, 7, 11, 13 எதுவும் போகாது.

படி 2: 17-க்கு ஒரு குறுக்குவழி
பள்ளியில் இதை அதிகம் சொல்லித் தருவதில்லை. கடைசி இலக்கத்தை 5-ஆல் பெருக்கி, மீதி எண்ணிலிருந்து கழியுங்கள். பெரிதாக இருந்தால் திரும்பவும் அதையே செய்யுங்கள்.

103921 → 10392 − 5 = 10387
10387 → 1038 − 35 = 1003
1003 → 100 − 15 = 85

85 என்பது 17 × 5. ஆகவே 103921-உம் 17-ஆல் வகுபடும். 51 என்பது 17-இன் மடங்காக இருப்பதால்தான் இந்த வித்தை பலிக்கிறது. வகுத்தால் 6113.

படி 3: எங்கே நிறுத்துவது?
79-இன் வர்க்கம் 6241. அது 6113-ஐத் தாண்டிவிட்டது. எனவே 73 வரையுள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். 13 வரை ஏற்கெனவே பார்த்தாயிற்று, 17-இலிருந்து தொடங்குங்கள். கொஞ்சம் அலுப்பான வேலைதான். 47-இல் கிட்டத்தட்டப் போய்விடும், 3 மிஞ்சும். கடைசியில் ஒன்றும் வகுக்காது. 6113 ஒரு பகா எண்.

623526 = 2 × 3 × 17 × 6113

படி 4: வகுத்திகளை எண்ணுங்கள்
நான்கு பகா எண்களும் ஒவ்வொரு முறைதான் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் சேர்க்கலாம், விடலாம்: 2 × 2 × 2 × 2 = 16 வகுத்திகள். சரி, எதுவும் இரண்டு முறை வராததால், 1-ஐத் தவிர எந்த வர்க்க எண்ணும் இதை வகுக்காது.

படி 5: மிகையெண்ணா என்று பாருங்கள்
எண்ணை விட்டுவிட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் எண்ணையே மிஞ்சினால் அது மிகையெண். பதினைந்தையும் கூட்டத் தேவையில்லை. மீன் விற்ற பணத்தில் படகுக்குப் பாதி, வலைக்கு மூன்றில் ஒன்று, ஆளுக்கு ஆறில் ஒன்று என்று பங்கு வைத்தால் மிச்சமே இருக்காது. இங்கேயும் அதே கணக்கு:

311763 + 207842 + 103921 = 623526

மூன்று வகுத்திகளிலேயே எண் முழுசாக வந்துவிட்டது. அப்புறம் 1, 2, 3, 17 என்று இன்னும் பன்னிரண்டு பாக்கி. மொத்தக் கூட்டல் 697098. ஆறைவிடப் பெரிய, ஆறால் வகுபடும் எந்த எண்ணுக்கும் இதே கதைதான். சரியாக 6 மட்டும் 1 + 2 + 3 என்று தன்னோடு நின்றுவிடும்.