பேட்டில் ராயல் யார் வைத்த பெயர்? நாம் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

பொங்கல் கழிந்த மறுநாள். மயிலாடுதுறைப் பக்கம் அக்கா வீட்டுத் திண்ணையில், நெல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பஞ்சாயத்து. "மாமா, ஃப்ரீ ஃபயர் பப்ஜியைப் பார்த்து அடிச்ச காப்பி" என்றான் அக்கா மகன். "பப்ஜியே ஒரு ஜப்பான் படத்தோட காப்பிதான்" என்றான் எதிர்வீட்டுப் பையன். இருவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மீதியில்தான் பெரியவர்களும் சேர்ந்து சறுக்குகிறோம்.

பிரபலமானதையே முதலாவது என்று நினைத்துவிடுவது முதல் தவறு. எந்த வனஸ்பதியும் நம் வீடுகளில் டால்டா ஆனது போல, தீவில் குதித்துக் கடைசி ஆள் மிஞ்சும்வரை சுட்டுக்கொள்ளும் எந்த ஆட்டமும் நமக்குப் பப்ஜி. இந்த வகைக்குப் பெயர்தான் பேட்டில் ராயல். பப்ஜி பொதுமக்கள் கைக்கு வந்தது 2017 மார்ச்சில். ஃப்ரீ ஃபயர் வந்ததும் அதே ஆண்டில், சில மாதம் கழித்து. ஆனால் பப்ஜியை வடிவமைத்த அயர்லாந்துக்காரர் பிரெண்டன் கிரீன், 2013-லேயே ஆர்மா 2 என்ற கணினி ஆட்டத்தின் மேல் 'பேட்டில் ராயல்' என்ற பெயரில் ஒரு மாட் செய்திருந்தார். மாட் என்பது இருக்கிற ஆட்டத்தின் மேல் ரசிகர்கள் போடும் ஒட்டு. பிறகு ஆர்மா 3-க்கும் ஒன்று செய்தார். 2015-இல் வந்த எச்1இசட்1 ஆட்டத்திலும் அவர் பங்கு உண்டு. அதற்கெல்லாம் பிறகுதான் பப்ஜி.

சரி, அப்படியானால் எதிர்வீட்டுப் பையன் சொன்னதுதான் சரியா? பெயரைப் பொறுத்தவரை, ஆமாம். கௌஷுன் தகாமி எழுதிய 'பேட்டில் ராயல்' என்ற ஜப்பானிய நாவல் 1999-இல் வந்தது, அதை வைத்து அதே பெயரில் எடுத்த படம் 2000-இல். ஒரு வகுப்புப் பிள்ளைகளைத் தீவில் இறக்கிவிட்டு, ஒருவர் மிஞ்சும்வரை கொன்றுகொள்ளச் சொல்லும் கதை. கிரீன் பெயரை அங்கிருந்துதான் எடுத்தார். ஆனால் பெயரை எடுத்தவர் எல்லாவற்றையும் எடுத்திருப்பார் என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. பப்ஜியில் நேரம் போகப் போக ஆட்களை நெருக்கிக்கொண்டு சுருங்கும் வட்டத்தையே பாருங்கள். நாவலில் தீவு கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டமாகத் தடைப் பகுதி ஆகும். கிரீனும் முதலில் சதுரம்தான் வேண்டும் என்று நினைத்தார். நிரல் எழுதுவதில் அப்போது அவருக்கு அவ்வளவு பழக்கம் இல்லாததால் வட்டமாகப் போட்டார். இன்று உலகமே அந்த வகையின் அடையாளமாக நினைப்பது, தெரிந்ததை வைத்து ஒப்பேற்றிய ஒரு வேலை! காப்பி அடித்திருந்தால் சதுரமாக வந்திருக்கும்.

பெயரை வைத்துப் பிறப்பைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆபத்து என்பதற்கு, பையன்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்த மூட்டையே சாட்சி. உள்ளே வெள்ளைப் பொன்னி. பொன்னி என்றால் காவிரி. இதைவிட டெல்டாத்தனமான பெயர் கிடையாது. ஆனால் 1986-இல் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட அந்த ரகத்தின் கால்வழி, மலேசியாவிலிருந்து வந்த மசூரி நெல்லில் போய் நிற்கிறது.

அப்புறம், 'பேட்டில் ராயல்' என்ற சொற்றொடரையே நாவல்தான் உண்டாக்கியது என்பார்கள். அதுவும் இல்லை. ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து புழங்கும் தொடர் அது. பல சேவல்களை ஒரே களத்தில் விட்டு, ஒன்றே ஒன்று நிற்கும்வரை மோதவிடுவதற்கு அந்தப் பெயர் உண்டு. (நம் பக்கம் வெற்றுக்காலோ கத்திக்காலோ, ஒன்றுக்கு ஒன்றுதான் விடுவார்கள்.) பிறகு அது மல்யுத்த மேடைக்குப் போனது. டபிள்யூடபிள்யூஎஃப் சீட்டு சேர்த்த தலைமுறைக்கு ராயல் ரம்பிள் நினைவிருக்கும். அது 1988-இல் தொடங்கிய மல்யுத்தப் போட்டி, அதே மரபின் கிளை. தகாமியின் நாவலும் மல்யுத்தப் பேச்சோடுதான் தொடங்குகிறது. தமிழில் எழுதினால் எல்லாம் 'ராயல்' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் பழைய தொடரைவிட நாவலின் பெயரில் கடைசியில் ஓர் எழுத்து (e) கூடுதல், ஆட்டங்களின் பெயரிலும் அதே கூடுதல் எழுத்து. மேடையிலிருந்து நேராக வராமல் நாவல் வழியாக வந்த பெயர் என்பதற்கு அது ஒரு தடயம்.

இங்கே நானே வழுக்கப் பார்த்தேன். சேவல் சண்டையில் ஜெயித்தவர், கோச்சையை, அதாவது தோற்ற சேவலை, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைப்பார். பப்ஜியில் ஜெயித்தால் திரையில் வருவது 'சிக்கன் டின்னர்' என்ற வாசகம். அடடா, இரண்டையும் முடிச்சுப் போட்டால் எவ்வளவு அழகாக இருக்கும்! ஆனால் அந்த வாசகம் அமெரிக்கச் சூதாட்ட மேசைகளில் புழங்கியது. கோச்சைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பொருத்தம் அழகாக இருக்கும்போதுதான் இன்னொரு முறை தேடிப் பார்க்க வேண்டும்.

பிரபலமானதையே முதலாவது என்பதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கடைசி ஆள் ஜெயிப்பது, நேரம் போகப் போகக் களம் சுருங்குவது, கீழே கிடப்பதை எடுத்துப் பலம் கூட்டுவது எல்லாம் 1990-களின் பாம்பர்மேன் ஆட்டங்களிலேயே இருந்தன. அதனால் அதுதான் முதல் பேட்டில் ராயல் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. பாட்டனாரைப் பேரன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருக்கிறது.

இந்த வகை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி ஒருமுறை நீதிமன்றப் படியும் ஏறியது. ஃபோர்ட்நைட் என்ற ஆட்டம் தங்கள் ஆட்டத்தைப் போலவே இருக்கிறது என்று பப்ஜி நிறுவனம் 2018 ஜனவரியில் தென்கொரியாவில் வழக்குப் போட்டு, ஜூனில் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. குறிப்பிட்ட படங்கள், இசை, நிரல் ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. 'கடைசி ஆள் ஜெயிப்பான்' என்ற விதிக்குப் பொதுவாகக் கிடையாது.

பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 2021 ஜூலையில் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற புதுப் பெயரில் திரும்பி வந்தது. அக்கா மகன் இப்போது ஆடுவது அதைத்தான். என்னடா ஆடுகிறாய் என்று கேட்டால், போனிலிருந்து தலையைத் தூக்காமல் "பப்ஜி மாமா" என்கிறான்.