பழைய வால்வு ரேடியோவைத் துடைக்கும்போது

பரணிலிருந்து இறக்கிய வால்வு ரேடியோவைப் பார்த்ததும் கை முதலில் டயல் கண்ணாடிக்குத்தான் போகும். ஈரத்துணியில் கொஞ்சம் சோப்பு, உட்பக்கமாக ஒரே ஒரு இழுப்பு. கொழும்பு, டெல்லி, லண்டன் என்ற ஸ்டேஷன் பெயர்கள் எல்லாம் துணியோடு வந்துவிடும். பெரும்பாலான செட்டுகளில் அந்த எழுத்துகள் கண்ணாடியின் பின்பக்கத்தில் அச்சிட்ட பெயிண்ட். இத்தனை வருஷச் சூட்டில் அதன் பிடிமானம் போயிருக்கும். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டன்சர் போனால் வேறு போடலாம், கண்ணாடிக் குழாயான வால்வுகூடத் தேடினால் கிடைக்கும். அந்த எழுத்து போனால் போனதுதான். அதனால் முன்பக்கத்தை மட்டும் துடையுங்கள். பின்பக்கத்தில் மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும். எழுத்தை ஒட்டி அழுக்கு இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

வால்வின் மேல் இருக்கும் எண்ணும் இப்படித்தான், விரல் பட்டாலே அழியும். எந்த வால்வு எந்த சாக்கெட்டில் என்று போட்டோ எடுத்துவிட்டு, எண் இல்லாத பக்கத்தை மட்டும் துடையுங்கள்.

சரி, உள்ளே கை வைக்கும் முன்பு: சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைப்பது உயிருக்கே ஆபத்து. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி செட்டுகளில் மெயின்ஸின் ஒரு வயர், பாகங்களைப் பொருத்தியிருக்கும் உலோகத் தகடான சேசிஸுக்கே நேராகப் போகும். பிளக்கைத் திருப்பிச் செருகியிருந்தால் அந்தத் தகடு முழுக்க 230 வோல்ட். நாபைக் கழற்றினால் தெரியும் உலோகத் தண்டிலும் அதே கரண்ட்தான். பிளக்கையே பிடுங்குங்கள். அப்புறமும் ஃபில்டர் கண்டன்சரில் 250, 300 வோல்ட் தங்கியிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து தீப்பொறி பறக்க விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப்பில் மாட்டி, சில நொடி பிடித்து, மல்டிமீட்டரில் பூஜ்யம் வருகிறதா என்று பார்த்த பிறகே பிரஷ்ஷை எடுங்கள்.

கம்ப்ரெஸர் காற்றை உள்ளே அடிக்கவே கூடாது. ஸ்டேஷன் மாற்றும் கேங் கண்டன்சரின் மெல்லிய தகடுகள் வளைந்து ஒன்றோடொன்று உரசும், ஸ்பீக்கர் பேப்பர் கிழியும். சில செட்டுகளில் சூடு தாங்குவதற்காக வால்வுக்கு மேலே கல்நார் அட்டை ஒட்டியிருப்பார்கள். சாம்பல் நிறத்தில் அப்படி ஒன்று தெரிந்தால் சுரண்டவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

வால்யூமோ, அலைவரிசை மாற்றும் பேண்ட் சுவிட்சோ கரகரத்தால் துரு நீக்கும் ஸ்ப்ரேயைப் பீய்ச்சுவது வழக்கமாகிவிட்டது. அதன் எண்ணெய் அங்கேயே தங்கித் தூசியை இழுக்கும். அதற்குப் பதில் காண்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு இருபது தடவை திருப்பினால் வேலை முடிந்தது. பெட்ரோல், தின்னர் பக்கமே போக வேண்டாம்: தீ ஒரு பயம், மரப்பெட்டியின் பாலிஷ் கரைவது இன்னொன்று. பேக்கலைட்டைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். அதற்குள் மரத்தூள் கலந்திருக்கும், மேல் பளபளப்பு தேய்ந்திருந்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

துடைத்த கையோடு பிளக்கைச் செருகிவிடாதீர்கள். ஒரு நாள் காயட்டும். பிறகு 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு, அதாவது பல்பு வழியாகவே ரேடியோவுக்குக் கரண்ட் போகும்படி இணைத்து, ஆன் செய்யுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் நின்றால் உடனே பிடுங்குங்கள், உள்ளே ஷார்ட் இருக்கிறது.