பேட்ஜைப் பார்த்து விலை பேசாதீர்கள்: பழைய ஸ்னூக்கர் கியூவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கு லோரோங் குலிட் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால், பழைய கைக்கடிகாரம், சைக்கிள் விளக்கு, பீங்கான் தட்டு என்று பரப்பி வைத்திருப்பதற்கு நடுவே எப்போதாவது ஒரு நீளமான தகரக் குழாய் கண்ணில் படும். கறுப்பு வண்ணம் உரிந்து, மூடியில் துரு ஏறியிருக்கும். உள்ளே ஒற்றைத் துண்டு ஸ்னூக்கர் கியூ, அதாவது பந்தை அடிக்கும் கோல். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒன்றைத் திறந்து பார்த்தபோது எனக்கு மூச்சே ஒரு நொடி நின்றது. கைப்பிடியில் பதித்திருந்த பேட்ஜில் வால்டர் லிண்ட்ரம் என்ற ஆஸ்திரேலிய பில்லியர்ட்ஸ் சாம்பியனின் பெயர். அதன் கீழே 4137 என்ற எண்.

“தம்பி, வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். நம்பர் போட்டுச் செஞ்சது. மொத்தமே நாலாயிரத்துச் சொச்சம்தான் வந்துச்சு” என்றார் கடைக்காரர். 900 வெள்ளி சொன்னதை 750-க்குப் பேசி முடித்து வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

4137 என்பது அந்தக் கியூவின் வரிசை எண்ணே இல்லை. 1932-ல் லண்டன் தர்ஸ்டன் மண்டபத்தில் லிண்ட்ரம் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் ஒரே பிரேக்கில், அதாவது ஒரே வாய்ப்பில் தவறாமல் தொடர்ந்து ஆடி, எடுத்த புள்ளிகள் அவை. அந்தச் சாதனையைக் காட்டி விற்ற கியூக்கள் எல்லாவற்றிலும் அதே எண்தான் இருக்கும். கடைக்காரர் என்னை ஏமாற்றவில்லை, தான் கேள்விப்பட்டதைத்தான் சொன்னார். தெரிந்துகொள்ளாமல் பணத்தை எடுத்துக் கொடுத்தது என் தவறு. அதே தவறைக் கோலாலம்பூரிலும் பட்டர்வொர்த்திலும் நம் பையன்கள் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்க்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பழைய கியூ, அதுவும் கையால் செய்தது என்றால், கூடுதல் விலை நியாயமா? சிலவற்றுக்கு நியாயம். ஆனால் அந்தக் கூடுதல் விலை செய்தவரின் வேலைக்கும், மரம் இன்றைக்கு இருக்கும் நிலைக்கும் கொடுப்பது. வயதுக்குத் தனியாக ஒரு காசும் கிடையாது.

வயதை வைத்து விலை போடுவதுதான் முதல் தவறு. பரோஸ் அண்ட் வாட்ஸ், ரைலி, தர்ஸ்டன் போன்ற பெயர்கள் நமக்கு இன்று அபூர்வமாகத் தெரிகின்றன. அந்தக் காலத்தில் அவை பெரிய நிறுவனங்கள். பிரிட்டனில் தெருவுக்குத் தெரு பில்லியர்ட்ஸ் மண்டபம் இருந்த நாளில், மேசையோடு சேர்த்துக் கியூக்களையும் கட்டுக்கட்டாக அனுப்பினார்கள். நம் ஊர் கிளப்புகளுக்கும் தோட்டத்துத் துரைமார் கிளப்புகளுக்கும் கியூ கப்பலில் வந்தது. ஆகவே 80 வயது ஆன கியூ என்பதால் மட்டும் அது அரிதாகிவிடாது. பேட்ஜில் ஒரு சாம்பியனின் பெயர் இருந்தால் அவர் அதைத் தொட்டார் என்றும் அர்த்தமில்லை. இன்றைக்குக் கிரிக்கெட் மட்டையில் ஆட்டக்காரர் பெயர் ஒட்டி வருகிறதே, அதே மாதிரிதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1990-களில் 7 முறை உலகச் சாம்பியன் ஆன ஸ்டீபன் ஹென்ட்ரி ஆடியது விலை குறைந்த ஒரு ரெக்ஸ் வில்லியம்ஸ் கியூ. அதே மாதிரிக் கியூ கடையில் எவருக்கும் கிடைத்தது. 2003-ல் விமானப் பயணத்தில் அது உடைந்துபோனபோது உலகமே பேசியது அவர் கையில் இருந்ததால்தான். நன்றாக ஆட உதவும் கியூவும் விலை உயர்ந்த கியூவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கையால் செய்தது என்றால் எதை?

இந்த ஒரு சொல்லில்தான் அதிகம் பேர் பணத்தை விடுகிறார்கள். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கியூவின் முன்பகுதி பெரும்பாலும் ஆஷ் அல்லது மேப்பிள் மரம். கைப்பிடிப் பகுதி கருங்காலி. இரண்டும் சேரும் இடத்தைத்தான் ஸ்பிளைஸ் என்கிறோம். கையால் ஸ்பிளைஸ் செய்பவர், ஆஷ் தண்டின் அடிப்பகுதியில் நான்கு பக்கமும் சரிவாகத் தட்டைமுகம் சீவி, ஒவ்வொரு முகத்திலும் ஒரு கருங்காலிப் பலகையை ஒட்டுவார். பசை இறுகியதும் இழைப்புளியால் உருட்டி இழைப்பார். சரிவான தட்டையும் உருண்டையான தண்டும் சந்திக்கும் இடம் வளைகோடாக வரும். அதனால் மேலே ஏறும் கருங்காலியின் நுனி நாக்கு மாதிரி மழுங்கி, உருண்டு இருக்கும். அவற்றுக்கு நடுவே கீழே இறங்கும் ஆஷ் மட்டும் கூராக முடியும்.

இயந்திரத்தில் செய்தது வேறு. இரண்டு மரத்திலும் ஆப்பு வடிவில் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகுவார்கள். அதில் கருங்காலியின் நுனியும் ஊசி மாதிரிக் கூராக நிற்கும். நான்கு நுனிகளும் அளந்து வைத்த மாதிரி ஒரே உயரத்தில் இருக்கும்.

சந்தையில் நிற்கும்போது பேட்ஜை விட்டுவிட்டு முதலில் இந்த நுனிகளைப் பாருங்கள். கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் நன்றாகத் தெரியும். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை அந்தக் கோட்டின் மேல் குறுக்கே நகர்த்துங்கள். நல்ல வேலையில் எங்கே ஆஷ் முடிந்து கருங்காலி தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவே கூடாது.

கை ஸ்பிளைஸ் என்று உறுதியாகிவிட்டதா, சரி. அதற்காக உடனே விலையை ஏற்றிவிடாதீர்கள். தாய்லாந்தில் இன்றைக்கும் பல பட்டறைகளில் கையால் ஸ்பிளைஸ் செய்த புதுக் கியூக்கள் வருகின்றன. பினாங்கிலிருந்து ஹட்யாய் போய்வருகிறவர்கள் கையோடு வாங்கி வருகிறார்கள். நேராக, புதிதாக, இன்றைய ஆட்டத்துக்கு ஏற்ற எடையில் கிடைக்கிறது. பழையது அதைவிட அதிகம் கேட்டால், எதற்காக அதிகம் என்று விற்பவர் காட்ட வேண்டும்.

கருங்காலியைப் பற்றி ஒன்று சொல்லாமல் மனம் கேட்கவில்லை. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் நம் மரம் அது. ஸ்னூக்கரின் முதல் விதிகளும் 1882-ல் ஊட்டி கிளப்பில் எழுதப்பட்டவை என்பார்கள். இந்த ஆட்டத்தையும் இந்தப் பொருளையும் வெள்ளைக்காரன் சாமான் என்று தள்ளி நின்று பார்க்க நமக்கு ஒரு காரணமும் இல்லை. உரிமையோடு கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம்.

நம் ஊர் ஈரம்

பழைய கியூக்களை ஒட்டியது பெரும்பாலும் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசையால். நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்பார்கள். உலர்ந்த இடத்தில் பல தலைமுறை தாங்கும். ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்தால் இளகும். பினாங்கில் இரண்டுக்கும் குறைவில்லை. இங்கிலாந்தில் ஒரு அலமாரியில் தூங்கிய கியூவும், ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் கிடந்த கியூவும் ஒரே வயது, ஒரே பேட்ஜ் என்றாலும் ஒரே பொருள் இல்லை.

நான் 750 வெள்ளிக்கு வாங்கியதில் இதுதான் இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாரம் ஆடிய பிறகு, பலமாக அடிக்கும்போது மட்டும் உள்ளே ஒரு சன்னமான கிரகிரப்பு. ஜாலான் பர்மா பக்கம் கியூ பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் கியூவை நுனியில் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் கைப்பிடியைத் தட்டினார். “கேட்டியாப்பா? பானை விரிசல் விட்ட சத்தம்” என்றார். நல்ல கியூ ஒன்றை எடுத்து அதே மாதிரி தட்டிக் காட்டினார். அது கணீரென்று ஒலித்தது. பிறகு தபால் அட்டை ஒன்றின் ஓரத்தை ஸ்பிளைஸ் கோட்டில் வைத்து அழுத்தினார். ஒரு கருங்காலி நாக்கின் அடியில் அட்டை முடி அளவுக்கு உள்ளே போனது. அதற்குப் பிறகு தட்டிப் பார்க்காமல் நான் எந்தக் கியூவையும் வாங்கியதில்லை.

பழைய மரம் நன்றாகக் காய்ந்து பதப்பட்டிருக்கும், அதனால் விலை என்பார்கள். பாதிதான் உண்மை. நன்றாகப் பதப்பட்ட மரமும் காற்றில் ஈரம் ஏறினால் உப்பும், இறங்கினால் சுருங்கும். குளிரூட்டிய ஸ்னூக்கர் சென்டரிலிருந்து வெயிலில் நிற்கும் கார் டிக்கிக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் எந்த வயது மரமும் வளையும்.

வளைவைச் சோதிக்க மேசையில் உருட்டிப் பார்ப்பதோடு நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. கியூ ஒரு முனை பருத்து மறுமுனை மெலிந்தது, எல்லா இடத்திலும் சீராகச் சரிந்திருக்காது. நேரான கியூவும் சில சமயம் தள்ளாடும். கைப்பிடி முனையைக் கண்ணருகே வைத்து, துப்பாக்கியைக் குறிபார்ப்பது போல நுனிவரை பாருங்கள். மெதுவாகச் சுழற்றிக்கொண்டே பாருங்கள். நடுவில் லேசான வளைவு இருந்தால் ஆடலாம். நுனியிலிருந்து ஒரு முழத்துக்குள் திடீரென்று திரும்பினால், அது எந்த மேதை செய்ததாக இருந்தாலும் ஆடுபவருக்கு ஒரு காசும் பெறாது.

வெட்டியது, தேய்த்தது, மாற்றியது

இன்றைய கியூக்கள் பெரும்பாலும் 57, 58 அங்குலம், 17 முதல் 19 அவுன்ஸ். பில்லியர்ட்ஸ் காலத்துக் கியூக்கள் பல 15, 16 அவுன்ஸ்தான். ஆகவே பல பழைய கியூக்களுக்குப் பின்னாளில் கைப்பிடிக்குள் துளையிட்டு எடை சேர்த்திருப்பார்கள். முன்பக்கம், பந்தைத் தொடும் தோல் நுனியான டிப்பைப் பலமுறை மாற்றி மாற்றித் தேய்ந்து, பித்தளைப் பூணையும் மாற்றியிருப்பார்கள். ஒற்றைத் துண்டை அறுத்துத் திருகு போட்டு இரண்டு துண்டாக்கியதும் உண்டு. ஆட்டக்காரருக்கு இதெல்லாம் குறையே இல்லை, சில வேளை நன்மை. சேகரிப்பவருக்கோ ஒவ்வொன்றும் விலையை இறக்கும். இரண்டு பேருக்கும் ஒரே விலை சொல்வதுதான் விற்பவர்கள் செய்யும் பெரிய பிழை. யாருக்கு விற்கிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

பேட்ஜையும் நம்பிவிட முடியாது. ஒரு கியூவிலிருந்து பெயர்த்து இன்னொன்றில் பதிக்கலாம். பேட்ஜின் ஓரத்தில் இடைவெளி, மெழுகு அல்லது கறுப்புப் பூச்சு அடைத்த தடம், சுற்றியுள்ள மரத்தை விடப் பளிச்சென்ற நிறம் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

விற்கப்போகும் வீட்டுக்காரர்களுக்கு மன்றாடிக் கேட்கிறேன்: உப்புத்தாள் போடாதீர்கள். தாத்தாவின் கியூ அழுக்காக இருக்கிறதே என்று கோலாலம்பூர் செந்தூலில் ஒரு குடும்பம் முழுவதையும் தேய்த்து, பளபளவென்று வார்னிஷ் அடித்து எனக்குக் காட்டியது. அறுபது வருடம் கைபட்டுப் படிந்த பழுப்பு நிறம் ஒரே மத்தியானத்தில் போய்விட்டது. திரும்ப வராது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

கதைக்கும் இது பொருந்தும். “துரை கிளப்பில் இருந்தது” என்று எல்லாரும் சொல்வார்கள். என் பெரிய தாத்தாவே ஒரு தோட்டக் கிளப்பில் மார்க்கராக இருந்தவர், புள்ளிகளைக் கூவி, கியூக்களுக்கு டிப் ஒட்டிக் கொடுத்தவர். அப்படிப்பட்ட கதைகளை நான் மதிக்கிறேன். ஆனால் பணம் கேட்கும்போது ஒரு புகைப்படம், ஒரு ரசீது, கிளப்பின் பெயர் எழுதிய தகரக் குழாய் என்று ஏதாவது வேண்டும். கதை மட்டும் இருந்தால் அதை எழுதிப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள், விலையில் சேர்க்காதீர்கள்.

இணையத்தில் லண்டன்காரர் கேட்கும் பவுண்டு விலையை வெள்ளிக்குப் பெருக்கி இங்கே சொல்வதும் வேண்டாம். கேட்ட விலை வேறு, கைமாறிய விலை வேறு. அங்கே சேகரிப்பவர் பலர், இங்கே சிலர். வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று நினைத்தால் பொருளையும் பாருங்கள். சில அலங்காரக் கியூக்களில் தந்தம் பதித்திருக்கும், சிலவற்றில் ரோஸ்வுட் இருக்கும். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் பன்னாட்டு வணிகத்தில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டில் உள்ளது. மலேசியாவிலும் அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கு 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. விசாரிக்காமல் தபாலில் போட்டுவிடாதீர்கள்.

என் லிண்ட்ரம் கியூவைப் பெரியவர் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி எடுத்து மீண்டும் ஒட்டிக் கொடுத்தார். 200 வெள்ளி ஆனது. ஆறு மாதம் ஆடிவிட்டு, பட்டர்வொர்த் நண்பர் ஒருவருக்கு 600-க்குக் கொடுத்தேன். ஸ்பிளைஸ் பழுதுபார்த்ததையும், 4137 என்றால் என்ன என்பதையும், எடை 16 அவுன்ஸ்தான் என்பதையும் முதலிலேயே சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் கோட்டைத் தடவிப் பார்த்தார், முட்டியால் தட்டிக் கேட்டார், பிறகுதான் பணத்தை எண்ணினார்.